அழுக வேண்டிய தக்காளி

“ஒரு ஈ,” என்றார் கலைக்கூட மேலாளர். “ஒரே ஒரு ஈ. அதை இந்தக் கூடத்துக்குள்ள பார்த்தேன்னா அன்னிக்கே கதவைச் சாத்திடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து கெஞ்சிப் பிரயோஜனமில்ல.”

கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டினார். ஈக்கும் தனக்கும் ஏதோ பங்காளி உறவு இருப்பதுபோல் மேலாளர் ஏன் தன்னை முறைக்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவது அவர் சுபாவம். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ‘இது எனக்கு எடுப்பா இருக்கா?’ என்று எவர் கேட்டாலும் இதே தலையாட்டல்தான். அதனாலேயே வியாபாரம் நன்றாக நடந்தது.

தக்காளி அவருடையதல்ல. அவர் மனைவியுடையது.

கூடத்தின் நடுவில் நீளமான சாப்பாட்டு மேசை. சுற்றிலும் நாற்காலிகள். மேசையின் மேல் விரிப்புக்குப் பதில் ஒரு சாண் உயரத்துக்குக் கறுப்பு மண். ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே, தட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு குவியல் தக்காளி. அவ்வளவுதான் கண்காட்சி. நாள் போகப் போகத் தக்காளி அழுகும், வெடிக்கும், விதை மண்ணில் விழும், முளைக்கும். கண்காட்சி முடியும்போது சாப்பாட்டு மேசையே வயலாகி நிற்கும். இதுதான் அவள் திட்டம்.

அவள் முதலில் ஓவியம்தான் படித்தாள். பழங்களை வரையச் சொன்னார்கள். வரைந்து முடிப்பதற்குள் பழம் அழுகிவிட்டது. எல்லோரும் வேறு பழம் வாங்கி வைத்தார்கள். அவள் அழுகியதை வரைந்தாள். அப்புறம் அது எப்படி விளைகிறது என்று பார்க்க வயலுக்குப் போய் இரண்டு போகம் நாற்று நட்டாள். அப்புறம் அது எப்படி உணவாகிறது என்று பார்க்க ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தாள். கடைசியில் இது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கலை என்றாள். ‘உன் வீட்டுக்காரி என்னப்பா செய்யறா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கண்ணாடிக் கடைக்காரர், ஆளைப் பொறுத்து, ஓவியர் என்பார், விவசாயி என்பார், சமையல் என்பார். ஒருமுறை களைத்துப்போய், ‘அவ நல்லா இருக்கா’ என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு வருடங்களில் இதுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய கூடம். இதற்கு முன் கிடைத்த சிறிய கூடத்தில் எருக் குவியல் ஒன்றை வைத்தாள். நாற்றம் பொறுக்காமல் மூடச் சொன்னார்கள். அவள் சண்டைக்கு நின்றாள். எருவையும் அவளையும் ஒரே நாளில் வெளியேற்றினார்கள்.

இப்போது அவள் ஊரில் இல்லை. அடுத்த வேலைக்காக மலைமேல் ஒரு கிழங்குத் தோட்டத்தில் தங்கியிருந்தாள். அங்கே ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் போன் எடுக்கும். “தினமும் சாயங்காலம் போய் ஒரு படம் எடுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஈ விஷயத்தை அவளிடம் சொன்னால் மேட்டிலிருந்து நேரே இறங்கி வந்துவிடுவாள். ‘ஈ வந்தாத்தான் அது உணவு. ஈயும் என் படைப்புல சேர்த்தி’ என்று மேலாளரிடம் மல்லுக்கு நிற்பாள். கண்காட்சி அன்றைக்கே மூடப்படும். ஆகவே இதைத் தானே சமாளிப்பது என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அந்தக் கணத்தில்தான்.

மறுநாளே ஈ வந்துவிட்டது.

யாரோ ஒரு குழந்தை கையில் மிட்டாயோடு வந்திருந்தது. மிட்டாயின் பின்னாலேயே ஈயும் வந்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு துரத்தினார். ஈ மேசையைச் சுற்றியது; அவரும் சுற்றினார். ஈ நாற்காலியில் உட்கார்ந்தது. அவர் மண்டி போட்டுத் தவழ்ந்தார். பார்வையாளர்கள் மரியாதையாக விலகி நின்று, கைகட்டிப் பார்த்தார்கள். கடைசியில் ஈ சன்னல் வழியே போனதும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“ரொம்ப ஆழமா இருந்துச்சு,” என்றார் ஒரு பெரியவர். “மறுபடி எத்தனை மணிக்குச் செய்வீங்க?”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியேறினார். அழுகாத தக்காளிக்கே ஈ வருகிறது. அழுகினால் படையே வரும். ஒரே வழிதான் இருந்தது. அழுகுவதற்கு முன்னால் மாற்றிவிடுவது.

எதிர்ச் சாரியில் ஒரு காய்கறிக்கடை. கடைக்கார அம்மா காலையில் கடையைத் திறக்கும்போதே அவர் போய் நின்றார்.

“தக்காளி வேணும். ஒரு கூடை.”

“வீட்ல விசேஷமா அண்ணே?”

“இல்லம்மா. மேசையில வைக்க.”

அந்த அம்மா நிறுத்துக் கொடுத்தாள்.

கலைக்கூடம் திறக்குமுன் உள்ளே விட ஆள் வேண்டும். அங்கே ஒரு காவலாளி இருந்தார். எதைச் சொன்னாலும் ‘சரிங்க’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லாததால் அவருக்கு அங்கே ‘சரிங்க’ என்றே பெயர். கதவைத் திறக்கச் சொன்னார் கண்ணாடிக் கடைக்காரர். “சரிங்க.” பழைய தக்காளியை எல்லாம் கூடையில் அள்ளிவிட்டு, புதியதை அதே குவியலாக அடுக்கினார். பிறகு கூடையை நீட்டி, “இதைக் குப்பையில போட்டுடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க,” என்றார்.

“சரிங்க,” என்றார் சரிங்க.

இப்படியொரு காவலாளி கிடைத்தது தன் பூர்வ புண்ணியம் என்று நினைத்துக்கொண்டே அவர் கடைக்குப் போனார்.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் இதே வேலைதான். காலையில் கூடை, சாயங்காலம் படம். தக்காளியை மாற்றுவது அவருக்கு ஒரு கடமையாகிவிட்டது. தக்காளி மின்னியது. ஈயைக் காணோம். மேலாளர் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்கினார்.

மலையிலிருந்து போன் வந்தது.

“அழுகிடுச்சாங்க?”

“இன்னும் இல்ல.”

“வாசனையாவது மாறியிருக்கா?”

“இல்ல.”

“மேல் தோல்ல சுருக்கம்?”

“உன்னை மாதிரிதான் இருக்கு. சுருக்கமே இல்ல.”

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் சொன்ன முதல் புகழ்ச்சி அது.

“விளையாடாதீங்க. ஒரு சொட்டு மருந்து அடிக்காத தக்காளி அது. நானே செடியிலேர்ந்து பறிச்சேன். இத்தனை நாள் தாங்காது.”

“கூடத்துல குளிர் அதிகம்,” என்றார் அவர்.

“குளிர்லயும் தாங்காது. எனக்குப் பயமா இருக்குங்க.”

அவருக்கும் பயமாக இருந்தது. காரணம் வேறு. அப்போதே சொல்லியிருக்கலாம். ‘நான்தான் மாத்தறேன்’ என்று இரண்டே சொல். ஆனால் மாற்றி மாற்றியே கண்காட்சியில் பாதி நாள் ஓடிவிட்டது. இனிமேல் விட்டாலும் முளைக்க நேரமில்லை. அவள் திட்டம் மண்ணோடு மண்ணாகப் போனது தன்னால்தான் என்று எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினார். போனில் தலையாட்டல் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு பெண் நிருபரிடம் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டாள். நிருபர் வந்தாள். முதல் நாள் எடுத்த படத்தையும் அன்றைய மேசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

மறுநாள் காலை, கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, “இந்த எழுத்து தெரியுதா பாருங்க,” என்று செய்தித்தாளை நீட்டினார் கண்ணாடிக் கடைக்காரர்.

வாடிக்கையாளர் சத்தமாகப் படித்தார். “அழுகாத தக்காளி. நாம் தின்பது என்ன?”

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது.

“நல்லா தெரியுது,” என்றார் வாடிக்கையாளர். “உங்களுக்குத்தான் ஏதோ தெரியல போல. உட்காருங்க.”

கலைக்கூடத்தின் வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். தாய்மார்கள் பிள்ளைகளைத் தக்காளியின் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு டாக்டர் தொலைக்காட்சியில் தோன்றி, தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்பதை நீண்ட நேரம் சொன்னார். எல்லோரையும் விட மேலாளர்தான் சுறுசுறுப்பாக இருந்தார். கேமராக்களுக்கு முன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பேசினார்.

“நான் தினமும் கவனிக்கிறேன். ஒரு ஈ. ஒரே ஒரு ஈ கூட இதை மதிக்கல. ஈக்குத் தெரியுது சார், மனுஷனுக்குத் தெரியல.”

கண்ணாடிக் கடைக்காரர் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். இனிமேல் மாற்றுவதை நிறுத்திவிட்டால் தானாக அழுகி, பேச்சு அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். அதற்கும் வழியில்லை. அன்று காலைதான் புதுக் கூடையை வைத்திருந்தார். தொலைக்காட்சிக்காரர்கள் மேசைக்கு எதிரே ஒரு கேமராவை நட்டு, அழுகுகிறதா என்று ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார்கள். புதுத் தக்காளி ஒரே நாளில் எங்கே அழுகும்? ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தக்காளி அசையவில்லை.

மறுநாள் பண்ணை முதலாளி வந்தார்.

தக்காளி விளைந்தது அவர் பண்ணையில். ‘நஞ்சில்லாத பண்ணை’ என்று பெட்டிக்குப் பெட்டி அச்சடித்து விற்பவர். மேசையருகே அவர் பண்ணையின் பலகையையும் ஆசையாக வைத்திருந்தார். அதுவே இப்போது அவர் தலையில் விழுந்தது. அவரோடு பண்ணையில் காய் பறிக்கும் பெண்களும் வந்திருந்தார்கள். சத்தம் போடவில்லை. வாசலில் ஓரமாக நின்றார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு கூட இல்லை.

“வண்டி வண்டியா திரும்பி வருது,” என்றார் முதலாளி. “நாளையிலிருந்து வேலைக்கு வராதீங்கன்னு இவங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க சார். நீங்கதான் தினமும் வந்து பார்க்கிறீங்க. இது எப்படி அழுகாம இருக்கும்?”

கண்ணாடிக் கடைக்காரர் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அது அவருக்கே அருவருப்பாக இருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி, “எங்க வீட்ல பிள்ளைங்க இதைத்தான் தின்னுதுங்க சார். அதுங்களுக்கு ஏதாவது ஆயிடுமா?” என்று கேட்டாள். அதற்கு அவரால் தலையைக் கூட ஆட்ட முடியவில்லை.

அன்று மனைவி மலையிலிருந்து இறங்கி வந்தாள். பேருந்து நிலையத்திலேயே மைக்குகள் அவளைப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்கு வந்தபோது அவள் தலையில் கிழங்குத் தோட்டத்து மண். முகத்தில் அவர் அதுவரை பார்த்திராத ஒரு பிரகாசம்.

“என்னங்க, கடல் தாண்டி ஒரு அருங்காட்சியகத்துல இருந்து கூப்பிடுறாங்க. மேசையை அப்படியே கொண்டு வரணுமாம். அழுகறதைக் காட்ட நினைச்சேன். அழுகாதது வந்து நின்னு பேசுது. பதினஞ்சு வருஷமா இதைத்தான் தேடியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது.”

அடுக்களையில் நின்றுகொண்டே இதைச் சொன்னாள். பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தாள். பாதி டம்ளரில் அவர் சொல்லிவிட்டார்.

அவள் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. விழவும் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

“நான் பறிச்சு வச்சதுல ஒண்ணு கூட இல்லையா?”

“ஒண்ணு கூட இல்லம்மா. எதிர்க் கடைத் தக்காளி. ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தினேன். ஈ வந்தா மூடிடுவேன்னாரு. நீ இதுக்காக எவ்வளவு நாள்...”

அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவர் திட்டுக்காகக் காத்திருந்தார். அழுகைக்காகக் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை. “காய் பறிக்கிறவங்க வாசல்ல நிக்கிறாங்கன்னு நிருபர் பொண்ணு சொன்னா,” என்றாள்.

“ஆமா.”

“அவங்க கூடத்தான் நான் பறிச்சேன். எப்படிக் காம்பைத் திருகணும்னு ஒருத்தி கையைப் பிடிச்சுக் காட்டினா.” டம்ளரிலிருந்த மிச்சத் தண்ணீரைக் குடித்தாள். “நாளைக்கு எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லிடலாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன்,” என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே அதிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கேமராக்கள், நிருபர்கள், முதலாளி, பறிக்கும் பெண்கள், புதுச் சட்டையில் மேலாளர். கண்ணாடிக் கடைக்காரர் மேசைக்குப் பக்கத்தில் நின்று, தன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதிரே இருப்பவர்கள் மங்கலாகத் தெரிந்தால்தான் அவருக்குத் தைரியம் வரும்.

“தக்காளி மேல தப்பு இல்ல. பண்ணை மேல தப்பு இல்ல. என் மனைவிக்கு இதுல எதுவுமே தெரியாது. நான்தான் மாத்தி மாத்தி வச்சேன். ஒரு ஈக்குப் பயந்து.”

எல்லாத் தலைகளும் மேலாளர் பக்கம் திரும்பின. மேலாளர் மேல்கூரையைப் பார்த்தார்.

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிர்க் கடைக்கார அம்மாவைக் கூட்டி வந்து கேட்டார்கள். “ஆமா, கூடை கூடையா வாங்கிட்டுப் போவாரு. பாவம், வீட்ல வேற காய் சமைக்கத் தெரியாது போலன்னு நினைச்சேன்,” என்றாள். நிருபர் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். மனைவியின் கையிலிருந்த போன் அடித்தது. அவள் கேட்டாள், “புரியுதுங்க,” என்றாள், வைத்துவிட்டாள். கடல் தாண்டிய அருங்காட்சியகம் அத்துடன் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

பண்ணை முதலாளி மட்டும் எழுந்து வந்து கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டார். “என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க சார்,” என்று தோளை நனைத்தார். உடனே வண்டிக்கு ஆள் அனுப்பிப் பெட்டி பெட்டியாகத் தக்காளியை இறக்கினார். “இது இன்னிக்குப் பறிச்சது. எல்லாரும் சாப்பிடணும். கேமரா பார்க்கச் சாப்பிடணும்.”

மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சந்தேகப்பட்டதற்குப் பரிகாரம்போல் ஆளுக்கொன்றாக எடுத்துக் கடித்தார்கள். நிருபர்கள் தின்றார்கள். மேலாளர் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு தின்றார். பறிக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி மனைவியின் வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டாள். மனைவி மென்றுகொண்டே கணவர் பக்கத்தில் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

“ரொம்பக் கோபமா?” என்றார் அவர்.

“கோபம்தான். ஆனா நாலு பேர் முன்னாடி நீங்க தலையை ஆட்டாம பேசி இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.” இன்னொரு தக்காளியை எடுத்துப் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவரிடம் நீட்டினாள். “இனிப்பா இருக்கு. சாப்பிடுங்க.”

அவர் மொத்தமாக வாயில் போட்டுக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி அமர்ந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியது. மனைவி மேசையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். மண் மேல் தக்காளி இன்னும் பளபளவென்று இருந்தது. காவலாளியைக் கூப்பிட்டாள்.

“எல்லாம் முடிஞ்சுதுங்க. கடைத் தக்காளிதானே, இதை வாரிக் குப்பையில போட்டுடுங்க.”

சரிங்க இந்த முறை ‘சரிங்க’ என்று சொல்லவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, மேசையையும் அவளையும், வாய் நிறையத் தக்காளியோடு நின்ற கண்ணாடிக் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க, சொல்லுங்க,” என்றாள் அவள்.

“யாரையும் மாத்த விடாதீங்கன்னு நீங்க முதல் நாளே சொன்னீங்க மேடம், சரின்னேன், சாரும் பழசைக் குப்பையில போடுன்னாரு, அதுக்கும் சரின்னேன், அதனால அவரு அந்தப் பக்கம் போனதும் பழசையே திரும்ப வச்சிட்டு, அவரு வச்சதை எல்லாம் வீட்டுக்கு எடுத்துக்கிட்டேன், அது ரெண்டு நாள் கூடத் தாங்காம அழுகிடுச்சு மேடம், இந்த மேசையில இருக்கிறது நீங்க முதல் நாள் உங்க கையால வச்ச அதே தக்காளிதான்.”